மறுநாள் காலையில் கொடுத்த வயல்

எட்கிவா: காலை நீட்டு. முழங்கால் வரைக்கும் சேறு.

லெவின்: விடு, நானே கழட்டிக்கிறேன்.

எட்கிவா: குனிஞ்சா உனக்கு நிமிர வராது. ராசாவோட கணக்கெடுப்புக் கூட்டத்துல என்ன கேட்டாங்க?

லெவின்: என்ன கேப்பாங்க... எத்தனை ஏரு, எத்தனை பன்னி. ஆத்துல புடிக்கிற விலாங்கு மீனைக்கூட விடலை. ராசா ஆளுங்களுக்கு நம்ம பாஷை தெரியாதா, பாதிரியார் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லி...

எட்கிவா: ஆத்தோர வயலைப் பத்தி?

லெவின்: கஞ்சி இருக்கா?

எட்கிவா: இருக்கு. வயலைப் பத்தி?

லெவின்: கேட்டாங்க. பழைய ராசா, எட்வர்டு, செத்த அன்னிக்கு அது யாரோடதுன்னு.

எட்கிவா: உன்னோடதுன்னுதானே சொன்ன?

லெவின்: முதல்ல கஞ்சியை ஊத்து.

எட்கிவா: லெவின். கடல் தாண்டி வந்த ராசா உன் நிலத்தையெல்லாம் ரவுல் துரைக்குக் குடுத்துட்டாரு. இதுவும் உன்னோடதுன்னு நீ சொன்னா, இதுவும் துரைக்கு; வேற பேரைச் சொன்னா, அவருக்கு இதுல உரிமையில்லைன்னு ஆயிடும். நாம இந்த வீட்டுலயே இருந்து அவருக்கு உழுது பொழைச்சுக்கலாம். துரையோட மணியக்காரர் அவ்வளவுதானே கேட்டாரு?

லெவின்: அது என்னோடதில்லையே.

எட்கிவா: என்னோடதுன்னு சொன்னா மட்டும் திருப்பியா குடுக்கப் போறாங்க?

லெவின்: கல்யாணத்துக்கு மறுநாள் காலையில உனக்குன்னு குடுத்தேன். ஊரே பார்த்துச்சு. நீ பனியில வெறுங்காலோட ஓடிப்போய் நடு வயல்ல நின்ன.

எட்கிவா: செருப்பை ஒளிச்சு வச்சது நீதான்.

லெவின்: அப்பத்தானே தூக்கிட்டு வர முடியும்.

எட்கிவா: பேச்சை மாத்தாத.

லெவின்: புனிதரோட எலும்பு இருக்குற பேழை மேல கையை வைக்கச் சொன்னாங்க. பொய் சொல்லத்தான் போனேன், எட்கிவா. போற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன்... வாயில உன் பேரு வந்துருச்சு.

எட்கிவா: இந்தா, கஞ்சி.

லெவின்: துரை முகத்தைப் பார்த்தேன். இனி இங்க இருக்க விடமாட்டாரு. திட்டு... எதையாச்சும் சொல்லேன்.

எட்கிவா: மணியக்காரர் உனக்கு முன்னாடியே குதிரையில வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. விடிஞ்சதும் கிளம்பணுமாம். மூட்டையெல்லாம் கட்டி வச்சுட்டேன்... நீ கஞ்சியைக் குடி. குடிச்சுட்டு, கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எப்படிச் சொன்னியோ, அப்படியே எனக்கு ஒருதரம் சொல்லு. அதைக் கேக்கத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.