உள்மூடி பித்தளைதான்

கடிகாரத்தின் மூடியை நகத்தால் நெம்பித் திறக்கக் கூடாது, அம்மணி. சற்றுமுன் நீங்கள் அப்படித்தான் திறந்தீர்கள். பரவாயில்லை, நீதித்துறையில் இதற்கெல்லாம் பயிற்சி கொடுப்பதில்லை. சாவிக் குமிழை மெல்ல அழுத்தினால் மூடி தானே விலகும். எழுபத்தெட்டு வயதுக்காரன் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

என் பெயர் உங்கள் தாளில் இருக்கிறது: சதுர்னினோ எச்செவெர்ரி. சால்டோ நகரில் ஐம்பது ஆண்டுகளாகப் பழைய கடிகாரங்களை இனங்கண்டு மதிப்புச் சொல்லி வருகிறேன். என் மதிப்பு தவறியது என்று ஒருவரும் சொன்னதில்லை. இந்த வழக்கிலும் அப்படி யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ராணுவம் நாட்டை ஆண்ட காலம். ஒரு திங்கட்கிழமை, பூகோள ஆசிரியர் லிசாந்திரோ பெந்தான்கோரைப் பள்ளியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். விரலில் சுண்ணாம்புக் கட்டி இருந்ததாம். ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அப்போது நல்ல குடிமகனின் இலட்சணம்.

புதன்கிழமை காலை அவர் மனைவி தெல்மிரா என் கடைக்கு வந்தாள். மாத்தே தேநீர் இலை போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்து, இலைக்குள் கையை விட்டு, இந்தக் கடிகாரத்தை எடுத்து வைத்தாள்.

"அவரோட தாத்தாவோடது, தோன் சதுர்னினோ. முகாம்ல கேப்டன் ஒல்மோஸ்னு ஒருத்தர். ஏதாவது உருப்படியா கொண்டுவந்தா பார்க்கலாம்ங்கறார். இது உருப்படிதானா?"

இலைத்தூளைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெளிமூடியின் விளிம்பு எண்பது ஆண்டு சட்டைப்பையில் உரசியும் நிறம் மாறவில்லை. முலாமாக இருந்தால் அந்த இடத்தில் பல்லிளித்திருக்கும். உள்ளே ஒரு பெண் தலை முத்திரை. சுவிஸ்காரன் பதினெட்டு காரட்டுக்குப் போடுவது. பக்கவாட்டில் ஒரு சிறு நெம்பி. அதைத் தள்ளியதும் கடிகாரம் மணியைச் சொன்னது, கால்மணியைச் சொன்னது, பிறகு நிமிடத்தையும் ஒவ்வொன்றாக அடித்துச் சொன்னது. இருட்டில் நேரம் தெரிந்துகொள்ளச் செய்த வேலை. அப்படி ஒன்றை அதுவரை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். உள்மூடியில் எழுத்து வெட்டியிருந்தது: 'குதிரைகளைத் திருப்பிக் கொண்டுவந்த பெர்மினுக்கு, 1897'.

"சதுக்கத்துப் பக்கம் ஒரு வீடே வாங்கலாம், தோன்யா தெல்மிரா" என்றேன். உண்மை.

அவள் அழவில்லை. "அப்போ விட்டுடுவாங்க, இல்ல?" என்றாள்.

"புத்தி இருக்கிறவன் விட்டுடுவான்."

"உங்களுக்கு நான் என்ன கொடுக்கணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். கஷ்டத்தில் இருப்பவர்களிடம் நான் கூலி வாங்குவதில்லை.

மதிய உறக்கம் முடிந்து கடையைத் திறந்தபோது கேப்டன் ஒல்மோஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்னய்யா, பொழப்பு ஓடுதா, நின்னுபோச்சா?" கடிகாரக்காரனிடம் எல்லோரும் சொல்லும் நகைச்சுவை. சிரித்தேன். துப்பாக்கி வைத்திருப்பவரின் நகைச்சுவை எப்போதும் தரமானது.

மேசைமேல் கடிகாரத்தை வைத்தார். "வாத்தியார் பொண்டாட்டி கொடுத்தா. தங்கம்ங்கறா. தங்கம்னா வாத்தியார் நாளைக்கு ஆத்தைத் தாண்டி அர்ஜென்டினா போயிடுவான். பார்த்துச் சொல்லு."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள், அம்மணி. தங்கம் என்று சொன்னால் அந்த ஆள் என்ன செய்வார்? உருக்குவார். நெம்பியும் மணியடிக்கும் குட்டிச் சுத்தியலும் குப்பைக்குப் போகும், தங்கம் அவர் மனைவியின் காதுக்குப் போகும். உலகத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நிமிடம் சொல்லும் கடிகாரம் எத்தனை இருக்கிறது?

நல்ல தங்கக் கடிகாரங்களிலும் உள்மூடியை மட்டும் பித்தளையில் செய்து முலாம் பூசுவது வழக்கம். கத்தி முனையால் அந்த உள்மூடியைச் சுரண்டினேன், எழுத்துக்குக் கீழே, ஒரு நகக்கண் அளவு. சிவந்த மஞ்சள் தெரிந்தது.

"பித்தளை, கேப்டன்."

நான் பொய் சொல்லவில்லை. அந்த மூடி பித்தளைதான். மற்ற மூடிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"என்ன பெறும்?"

"வித்த காசுல நாலு பேருக்கு இறைச்சி சுடலாம். மதுவுக்குத் தனியா கொடுக்கணும்."

அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. "என்னையே கிறுக்கனாக்கப் பார்த்திருக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் ஒரு புதுக் கைக்கடிகாரம் காட்டினேன். நீரில் நனைந்தாலும் ஓடும். பிடித்திருந்தது. இதை என்னிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு போனார். எந்த வியாபாரியும் செய்யும் மாற்று.

சனிக்கிழமை, மூடியைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு லிசாந்திரோவின் சவப்பெட்டி வந்தது. ஊரே போயிற்று, நானும் மலர்வளையத்தோடு போனேன், சின்னது இல்லை. ஒரு வாரம் கழித்து தெல்மிரா கடைக்கு வந்தாள்.

"அது தங்கம்தானே, தோன் சதுர்னினோ?"

"தங்கம்தான், தோன்யா."

"பின்ன ஏன்?"

"அவனுங்களுக்கு மதிப்புத் தெரியல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் உண்மை பேசுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்றாள். அடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் புத்தாண்டுக்குச் சீமை மாதுளை இனிப்பு அனுப்பினாள். அருமையாகச் செய்வாள். சர்க்கரை மட்டும் சற்று அதிகம்.

போன குளிர்காலத்தில் என் வீட்டுக் கூரை விழுந்தது. கடிகாரத்தை மொந்தெவிதேயோவில் ஏலத்துக்குக் கொடுத்தேன். விவரக்குறிப்பை நானே எழுதினேன். அங்கிருக்கும் பையன்களுக்கு நெம்பிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. முத்திரை, கற்கள், எழுத்து, உள்மூடியில் ஒரு சுரண்டல், எதையும் விடவில்லை. பெயர் மட்டும் போட வேண்டாம் என்று அன்பாகச் சொன்னார்கள். குறிப்பில் கையெழுத்திடாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஏல மண்டபத்தின் முதல் வரிசையில் தெல்மிரா உட்கார்ந்திருந்தாள். கையில் பட்டியல். குறிப்பின் கடைசி இரண்டு வரியின் கீழ், சுரண்டலுக்கும் என் பெயருக்கும், பென்சிலால் கோடிட்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள், தடியை ஊன்றிக்கொண்டு.

"இந்தச் சுரண்டல் நான் கொண்டுவந்தப்போ இல்லையே" என்றாள்.

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவள் கண் கூர்மையை நான் பாராட்டவும் செய்தேன். அதன்பிறகுதான் அவள் உங்களைக் கூப்பிட்டாள்.

ஆமாம், பித்தளை என்று சொன்னால் லிசாந்திரோ திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரு திருத்தம். இங்கே 'ஒரு தங்கக் கடிகாரம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு காரட், நிமிட மணியடிப்பு, முப்பத்திரண்டு மாணிக்கக் கல் என்று சேர்க்க வேண்டும். அந்த மனிதரைப் பற்றி உங்கள் விருப்பம்போல் எழுதுங்கள். அது என் துறை இல்லை.