கடல்ல இறங்குன கோயில்பிள்ளை

ரொம்ப ரொம்ப முந்தி, கடியாரம்னா என்னன்னு தெரியாம எல்லாரும் சரியான நேரத்துக்குச் சாப்பிட்ட காலத்துல, நம்ம பூவரசந்தீவுல கஸ்பாரு கஸ்பாருன்னு ஒரு கோயில்பிள்ளை இருந்தாராம். கோயில்பிள்ளைன்னா மணி அடிக்கணும், விளக்கு ஏத்தணும், கோயிலைக் கூட்டணும், பூசை வைக்கிற சாமி இல்லாத ஞாயித்துக்கெழம முன்ன நின்னு செபம் சொல்லணும். சாமி எங்க இருந்தாக? அக்கரையில இருந்து தோணியில வரணும். பாஸ்காத் திருநாளுக்கு ஒரு தரம், பெருநாளுக்கு ஒரு தரம் வருவாக. மத்த நாளெல்லாம் கஸ்பார்தான். கோயிலுக்குள்ள வர்ற ஆட்டை விரட்டுறதும் கஸ்பார்தான்.

அவரை எதுக்குக் கோயில்பிள்ளை ஆக்குனாக? படிச்சவருன்னா? அ தெரியாது, ஆ தெரியாது, என்னை மாதிரிதான். நல்லாப் பாடுவாருன்னா? அவரு பாட்டெடுத்தா கூரையில இருக்கிற புறாவெல்லாம் பறந்துருமாம். விசயம் என்னன்னா, அவருக்குக் கடல் ஆகாது. தோணியில காலை வச்சா வாந்தி. தோணி ஆடுறதக் கரையில நின்னு பாத்தாலும் வாந்தி. முழங்காலுக்கு மேல கடல்தண்ணி அவரைத் தொட்டதே இல்லையாம். சுத்திலும் கடலு, நடுவுல இப்படி ஒரு ஆளு. என்ன பண்றது? மணிக்கயித்தைக் கையில குடுத்து, "நீ இதைப் பிடிச்சுத் தொங்கு"ன்னுட்டாக.

ஒரு பெருநாளுக்குச் சாமி வந்திருந்தப்ப கஸ்பாரைக் கூப்பிட்டாகளாம். "கஸ்பாரு, நான் இல்லாத நேரத்துல பிள்ளை எதுவும் சாகக் கெடந்தா, நீயே ஞானஸ்நானம் குடுக்கலாம். நான் குடுக்கிறதப் பாத்துக்க"ன்னாக. அன்னைக்குக் கோயிலுக்குக் கொண்டுவந்த ஒரு ஆம்பளப்பிள்ளைக்கு, சந்தியாகுன்னு அதுக்குப் பேரு, குடுத்தும் காட்டுனாக. செம்புத் தண்ணிய எடுத்தாக. "சந்தியாகு, நான் உன்னைப் பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் செய்கிறேன்"னு மூணு தரம் ஊத்துனாக. சாமிக்குத் தாராளக் கை. செம்பு காலி.

கஸ்பாரு கண்ணைக் கொட்டாமப் பாத்துக்கிட்டாரு. முழுச் செம்பு. மூணு தரம். சந்தியாகு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாதுன்னு மனசுல போட்டுக்கிட்டாரு. யாரு கேட்டா அவரை? அவரும் யாரையும் கேக்கல.

அந்த வருசம் கச்சான் காத்து பிடிச்சுச்சு. மேக்க இருந்து அது அடிச்சா தோணிய இறக்க முடியாது, உங்களுக்கே தெரியும். தோணி போனாத்தான் அப்பல்லாம் தீவுக்குக் குடிதண்ணி. தோணி போகல, தண்ணி வரல. மண்ணுல இருந்த ஒரு ஊத்தும் வத்திப்போச்சு. வீட்டுக்கு வீடு பானையக் கவுத்து வச்சிட்டாக. அந்த நேரம் பாத்து செரபினாவுக்கு வலி எடுத்துருச்சாம். செரபினா யாரு? கஸ்பாரோட தங்கச்சி மகன் தொம்மை இருந்தாருல்ல, அவரு பெண்டாட்டி.

பிள்ளை பொறந்துச்சு. பொம்பளப்பிள்ளை. ஒரு கையளவு இருக்கு, அழல. உதடு நீலமாக் கெடக்கு. தாய்க்கோ காய்ச்சல் கொதிக்குது, நாக்கு ஒட்டிக்கிச்சு. பிள்ளை எடுத்த மதலேனாக்கா பாத்தா.

"தொம்மை, இது நிக்காதுடா. கோயில்பிள்ளையக் கூட்டியா."

ஊரெல்லாம் பானையச் சாச்சு, குடத்தை வழிச்சு, ஒரு செம்பு தண்ணி சேத்தாகளாம். ஒரே ஒரு செம்பு. அதைக் கஸ்பாரு கையில குடுத்தாக.

"தாய்க்குக் குடு மச்சான், இல்லன்னா இவளும் போயிருவா"ன்னா மதலேனா.

செரபினா வாயை இறுக்கி மூடிக்கிட்டா. ஏன்னா அவளோட முதப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்காமச் செத்துப்போச்சு. அந்தக் காலத்துல அப்படிப் போன பிள்ளையக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டாக. வேலிக்கு வெளிய கத்தாழைக்குள்ள பொதைச்சாக. தெனம் அதைத் தாண்டித்தான் அவ விறகு பொறுக்கப் போவா.

"அந்தத் தண்ணி எம் பிள்ளைக்கு மாமா. எனக்கு வேண்டாம்."

"நீ குடிக்கலன்னா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கணும்டி"ன்னா மதலேனா.

"தூக்குங்க. இவளையும் கத்தாழைக்குள்ள வைக்காதீங்க."

தொம்மை சொன்னாரு, "மாமா, பிள்ளைக்குக் கொஞ்சம் ஊத்திட்டு மிச்சத்தை அவளுக்குக் குடுப்போம்."

"முழுச் செம்புடா. என் கண்ணால பாத்தேன். குறைச்சா செல்லாது."

எல்லாரும் கஸ்பாரைப் பாக்காக. கஸ்பாரு செம்பைப் பாக்காரு. அப்புறம் அதைக் கொண்டுபோயி செரபினா வாயில வச்சாராம்.

"குடி தாயீ. பிள்ளைக்குத் தண்ணி நான் பாத்துக்கிறேன்."

"எங்க இருக்கு தண்ணி?"

"சுத்திச் சுத்தி இருக்கே."

மதலேனா பதறிப்போயிட்டா. "உப்புத்தண்ணி செல்லுமா மச்சான்? சாமி அதுல குடுத்து நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல. செல்லலன்னா மேல போயி நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்கு எந்த நரகமோ அது கிடைக்கட்டும், பிள்ளையக் கேக்கக் கூடாது. நீ குடி தாயீ."

அவரு முகத்தைப் பாத்துக்கிட்டே செரபினா குடிச்சாளாம்.

காலிச் செம்புக்கு ஊர்ல பஞ்சமில்ல. ஒண்ணை எடுத்துக்கிட்டு, பிள்ளைய நெஞ்சோட சேத்துக்கிட்டு, கரைக்கு ஓடுனாரு. கரையோரமெல்லாம் கச்சான் கலக்கி விட்ட சேறும் பாசியும். இதையா பிள்ளை தலையில ஊத்துறது? தெளிஞ்ச தண்ணி உள்ளதான் இருக்கு. போயி மொண்டுட்டு வர்றதுக்குள்ள பிள்ளை மூச்சு நின்னுட்டா? அதனால பிள்ளையோடயே இறங்கிட்டாரு. முழங்காலைத் தாண்டிருச்சு. இடுப்பைத் தாண்டிருச்சு. கஸ்பாரு ஐயா, நெஞ்சுத் தண்ணியில. ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது. தொம்மை பின்னால ஓடி, மாமன் வேட்டி முந்திய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு.

கஸ்பாரு செம்பை மொண்டாரு. "சந்தியாகு, நான் உன்னை..."

"மாமா, பொம்பளப்பிள்ளை மாமா."

"மந்திரத்தை மாத்தச் சொல்றியாடா? பேசாம வேட்டியப் பிடி."

பிதான்னு ஒரு தரம் ஊத்துனாரு. சுதன்னு ஒரு தரம் ஊத்துனாரு. இஸ்பிரீத்துசாந்துன்னு அவரு கையத் தூக்குறதுக்குள்ள அலையே வந்து ஊத்திருச்சு. மாமன், மருமகன், பிள்ளை மூணு பேரும் உள்ள.



முதல்ல செம்பு வெளிய வந்துச்சாம். அப்புறம் தொம்மை, கையில வேட்டியோட. அப்புறம் கஸ்பாரு, வேட்டி இல்லாம, பிள்ளையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. பிள்ளை கத்துது. அப்படி ஒரு கத்தல், குடிசைக்குள்ள கெடந்த செரபினாவுக்குக் கேட்டுச்சாம். கஸ்பாரு பிள்ளைய மதலேனா கையில குடுத்துட்டு, மணல்ல உக்காந்து, வயித்துல இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாரு.

தாயும் பிழைச்சா, பிள்ளையும் பிழைச்சுச்சு.

பெருநாளுக்குச் சாமி வந்தாக. அதுக்கு முன்னாலயே ஊர் ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு. உப்புத்தண்ணி செல்லும்னு பாதி, செல்லாதுன்னு பாதி. கஸ்பாரு கோயில் வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நின்னு எல்லாத்தையும் சொன்னாரு.

சாமி கேட்டாக, "கடல்தண்ணியும் தண்ணிதானப்பா. செல்லும். எம்புட்டு ஊத்துன?"

"முழுச் செம்பு சாமி. குறைக்கல."

"முழுச் செம்பா? மூணு சொட்டு போதுமே."

"மூணு சொட்டா?"

"மூணே சொட்டு."

"சாமி, அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எதுக்குக் கடல்ல இறங்குறேன்?"

ஊரு சிரிச்சுச்சு பாருங்க, கோயில் புறாவெல்லாம் மறுபடி பறந்துருச்சு. கஸ்பாருக்கு முகம் செத்துப்போச்சு. அப்பத்தான் செரபினா இடுப்புல பிள்ளையோட முன்ன வந்தா. சாமிக்கு முன்னால பொம்பளைக பேசாத காலம்.

"மூணு சொட்டுல எம் பிள்ளை மோட்சத்துக்குப் போயிருக்கும் சாமி. என் இடுப்புல இருந்திருக்குமா?"

ஒருத்தரும் சிரிக்கல. அன்னைக்கு ஞானஸ்நானத்துக்கு இன்னொரு பிள்ளையும் வந்திருந்துச்சு. சாமி கோயில் செம்பை எடுத்துக் கஸ்பாரு கையில குடுத்து, "போயி கடல்ல மொண்டுட்டு வா"ன்னாக. கஸ்பாருக்கு முகம் வெளுத்துப்போச்சு. ஆனாலும் போனாரு. அந்தப் பிள்ளையோட தகப்பன் ஓடிப்போயி பின்னால வேட்டியப் பிடிச்சுக்கிட்டான்.

அதான், இன்னைக்குக் குழாயில நல்ல தண்ணி வந்தாலும், நம்ம தீவுல ஞானஸ்நானம்னா பிள்ளையக் கையில ஏந்துற ஞானத்தகப்பன் நெஞ்சுத் தண்ணிக்கு இறங்கி மொண்டுட்டு வரணும், பெத்தவன் பின்னால வேட்டியப் பிடிச்சுக்கிட்டுப் போகணும். செரபினா மகளுக்கும் சந்தியாகுங்கிற பேரை மாத்தல. நம்ம பொம்பளைகள்ல இத்தன சந்தியாகு இருக்கிறதும் அதனாலதான், அக்கரை ஆளுக சிரிக்கட்டும்.

போன மாசம் ஒரு ஞானத்தகப்பன், அக்கரைக்காரரு, சட்டை நனையுதுன்னு ஓரத்துலயே குனிஞ்சு மொள்ளப் பாத்தாரு. நம்ம பொம்பளைக விடல. "அது கலங்கல் தண்ணி அண்ணே. உள்ள போங்க, உங்களைப் பின்னால ஆளு பிடிச்சிருக்கு"ன்னாக. போனாரு.