பெட்டி ஆறும்வரை

உங்கள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்கு மோட்டார் காரணமில்லை, ஐயா. உள்ளே கப்பாசிற்றர் என்று ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும். அது தளர்ந்துவிட்டது. கடையில் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

மேசையில் இருக்கும் இந்தப் பெட்டியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க எதுவுமில்லை.

மில்ரனும் நானும் தலைமன்னாரில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். பல்கலைக்கழகத்திலும் ஒரே வகுப்பு, ஒரே அறை. இலத்திரனியலில் அனலொக் பாடம் என்றால் பாதிப்பேர் ஒதுங்கிவிடுவார்கள். அதில் சூடு, ஈரம், கை பட்டது எல்லாம் கணக்குக்குள் வந்து நிற்கும். எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் நான் கட்டும் சுற்று ஊளையிடும், அவன் கட்டுவது வேலை செய்யும். விரிவுரையாளர் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "றோய், உம்மட விடை சரி. ஆனா மில்ரன்ர சேர்க்கிட்தான் ஓடுது" என்றார். வகுப்பே சிரித்தது. மில்ரனும் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இறுதி ஆண்டில் அவன் செய்தது, படகு பழுதானால் கடலிலிருந்து கூப்பிடும் கருவி. சுவிச்சைத் தட்டினால் பற்றறி தீரும்வரை ஒரே அலைவரிசையில் சத்தம் அனுப்பும். அதைக் கேட்பதற்கு ஒரு றேடியோவும் கட்டினான். அது அந்த ஓர் அலைவரிசையைத் தவிர வேறெதையும் பிடிக்காது. பரிசோதகர்கள் கடற்கரைக்கே வந்து பார்ப்பதாக இருந்தது. நன்றாக அமைந்தால் உதவி விரிவுரையாளர் இடம் அவனுக்குத்தான். இடமோ ஒன்று.

கப்பாசிற்றர்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அலைவரிசையைப் பிடித்து நிறுத்த, சூட்டுக்கு அசையாத வகை வேண்டும். அந்த இடத்துக்கு மலிவான வகையில் ஒன்றைக் கொடுத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் ஒழுங்காக நிற்கும். வெயிலில், மூடிய பெட்டிக்குள், நழுவிவிடும். பரிசோதகர்கள் முன்னால் அவன் ஒருதரம் விழிக்கவேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவனுடைய தாய் லூசியா மாமி பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? புது வலையோ புது இயந்திரமோ, பங்குச் சுவாமி மந்திரிக்காமல் எங்கள் ஊரில் கடலுக்குப் போகாது. தீர்த்தம் தெளித்து வந்ததும் மாமி மூடியின் பொருத்தின் மேல் அந்தோனியார் படத்தை ஒட்டிவிட்டார். பிறகு கடற்கரை வெயிலில் வைத்துப் பார்த்தபோது மில்ரனின் முகம் மாறியது.

"மச்சான், சத்தம் விலகிப் போற மாதிரிக் கிடக்கு. திறந்து பாப்பமோ?"

"மந்திரிச்சதைக் கிழிக்காதை மோனை," என்றார் மாமி.

அவன் என்னைப் பார்த்தான். "விடு மச்சான், வெயில் தணியச் சரியாகும்," என்றேன். அது பொய்யில்லை.

பரிசோதகர்கள் வருமுன்பே அவனுடைய தகப்பன் சிங்கராசா மாமா அதைக் கடல்தொழிலுக்குக் கொண்டுபோய்விட்டார். மகன் செய்தது என்று துறையெல்லாம் காட்டிவிட்டுத் தனியே போனாராம். காலையில் போனவர் மத்தியானமாகியும் திரும்பவில்லை. தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று பலமாக இருந்தது. மில்ரன் தன் றேடியோவோடு தேடும் படகில் ஏறினான். அதில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடியால், வழக்கமாக அவர் வலை போடும் தெற்குப் பக்கமே போனார்கள்.

நான் வீட்டில் என் றேடியோவைப் போட்டேன். நான் கட்டியவற்றில் ஒழுங்காக ஓடியது அது மட்டும்தான். முள்ளை எங்கும் திருப்பலாம். உரிய இடத்திலிருந்து சற்று மேலே திருப்பினேன். தெளிவாகக் கேட்டது. ஏரியலைச் சுழற்றிப் பார்த்தேன். வடக்கிலிருந்து வந்தது.

மாமி ஓடிவந்து பக்கத்தில் நின்றார். ஹெட்போன் என் காதில் இருந்தது.

"தம்பி, ஏதும் கேக்குதோ?"

"இல்லை மாமி. வெறும் இரைச்சல்."

வேறென்ன சொல்ல முடியும், ஐயா? கேட்கிறது என்றால், முள் எந்த இடத்தில் நிற்கிறது என்று மில்ரன் கேட்பான். சொன்னால் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். என் கை கட்டப்பட்டிருந்தது. மாமி செபமாலையை எடுத்தார். நானும் சேர்ந்து சொன்னேன்.

படகுதான் கிடைத்தது, கவிழ்ந்தபடி. "என்ர சேர்க்கிட்தான் அப்பாவைக் கொன்றது" என்று மில்ரன் என் தோளில் விழுந்து அழுதான். "ஆருக்கும் வாற பிழை மச்சான்" என்று தேற்றினேன். அவன் படிப்பை விட்டான். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. நன்றாகத்தான் படிப்பித்தேன். பிறகு பெட்டி யாரோ ஒருவரின் வலையில் வந்தது. இந்தமுறை படத்தைக் கிழித்தது மாமிதானாம். உள்ளே இருந்த கப்பாசிற்றரைச் சூடாக்கிப் பார்த்தது மில்ரனாம்.

மாமாவை நாங்கள் எல்லோரும் கைவிட்டோம் என்று மாமி சொல்வதாகச் சொன்னீர்கள். அது சரியில்லை. பொழுது சாயப் பெட்டி ஆறத் தொடங்கியது. சத்தம் மெல்ல மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் வந்தால் மில்ரனுக்கும் கேட்கும். வரவேண்டும் என்று உண்மையாகவே மன்றாடினேன். மாமி பக்கத்திலேயே இருந்தார். அதற்குள் பற்றறி தீர்ந்துவிட்டது. என்னால் என்ன செய்ய முடியும்? அதுவரை ஹெட்போனை நான் கழற்றவேயில்லை. கடைசிவரை அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான், ஐயா.