முட்டிவலிக்குக் கொடுத்த மாத்திரை

கிட்ட வந்து உட்காருங்கள். என் நண்பன் ஹக்சுவின் மாமாவுக்கு நடந்தது இது.

இரவு ஏழு மணி. ஜோங்சோன் மலைப்பாதை. இருபுறமும் முட்டைக்கோஸ் அறுத்துப்போட்ட வெற்று வயல்கள்... பனி. பியோங்கில் என்பது மாமாவின் பெயர்; சின்ன லாரியை ஓட்டுகிறார். பக்கத்தில் அவருடைய அக்கா மால்சுன்.

மால்சுனுக்கு இருமுனை மனநோய். லித்தியம் மாத்திரைதான் பல வருஷமாக அவளை நிலையாக வைத்திருந்தது. அறுவடையில் முட்டி வீங்க, யாரோ ஒரு மருத்துவர் வலி மாத்திரை கொடுத்தார். அதிலிருந்து வாந்தி, நடுக்கம், பேச்சுக் குழறல்.

“பழசு திரும்பலைடா தம்பி... உடம்புக்குத்தான் என்னமோ ஆகுது!”

கேட்பார் இல்லை. குடித்திருக்கிறாள் என்றது ஊர். பழைய நோய்தான் என்று அன்றும் உள்ளூர் மருத்துவமனையில் திருப்பி அனுப்ப, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வளைவில் ஒரு பேருந்து நிறுத்தம். மருத்துவமனை அங்கியில் ஒரு பெண், பனியில் வெறுங்காலோடு. மாமா நிறுத்தினார். பூட்டியிருந்த கதவு... ‘டக்’. மால்சுனை ஒட்டி உட்கார்ந்தாள். ஈரமண்ணும் பினாயிலும் கலந்த நெடி.

“முட்டிக்கு மாத்திரை குடுத்தாங்களா?”

மாமாவுக்கு எரிச்சல் பொங்கியது. “நீயும் டாக்டரா? காலையிலேர்ந்து ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி உயிரை வாங்குறீங்க!”

“அந்த மாத்திரை லித்தியத்தைச் சிறுநீர்ல போகவிடாது. ரத்தத்துலயே ஏறி விஷமாயிடும். ரத்தத்தைப் பாக்கச் சொல்லு. நானும் தொண்டை கிழியக் கத்தினேன்... ஒருத்தரும் பாக்கல.”

மால்சுனின் தலை தொங்கியது. மாமா லாரியைத் திருப்பினார். பெரிய மருத்துவமனை வாசலில் பார்த்தால்... அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆளில்லை.

உள்ளே மறுபடியும் அதே பேச்சு. “மனநோயாளிதானே, காலையில பாக்கலாம்.” மாமா மேசையில் ஓங்கி அறைந்தார். “ரத்தத்தை எடுத்துப் பாருங்கய்யா! பாத்துட்டு அப்புறம் பேசுங்க!”

எடுத்தார்கள். லித்தியம் விஷ அளவைத் தாண்டியிருந்தது. அவசரமாக ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். வலி மாத்திரையை நிறுத்தினார்கள். மால்சுன் பிழைத்தாள்.

கண் விழித்ததும் தம்பியின் கையைப் பிடித்தாள்.

“லாரியில வந்த பொண்ணு பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சுட்டா... யாரும் வரமாட்டேங்கறாங்கடா. நீயாவது என்னன்னு கேளேன்.”

மாமா திரும்பினார். காலிக் கட்டில். கசங்காத விரிப்பு. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம்... மெல்ல... அவர் பக்கமாக நகர்ந்தது.