சேகரித்த இடம்

— மேசை மேல வேண்டாம் சிட்டு, அது விதை எண்ணுற மேசை. சாக்கைக் கீழ வை.

— கீழ வச்சா உங்க தரை அழுக்காயிடும் அண்ணி. கண்ணாடி மாதிரி துடைச்சு வச்சிருக்கீங்க. வாசல்ல காவல்காரர் வேற அரைமணி நேரம் நிக்க வச்சுட்டார். இது விதை வங்கிம்மா, எருக்கிடங்கு இல்லைங்கறார். எங்க அண்ணன் சம்சாரம் உள்ள வேலை பார்க்கிறாங்கன்னு சொன்னா, அதுக்கு எதுக்கு சாணி மூட்டைங்கறார்.

— நியாயமான கேள்விதானே. எதுக்கு சாணி?

— வேர் அறுந்துடக் கூடாதுன்னு செடியைச் சுத்தி மண்வெட்டியால வெட்டி, சாணியும் மண்ணுமா அப்படியே அள்ளிச் சைக்கிள்ல கட்டிட்டு வந்தேன். வாயைப் பிரிச்சுப் பாருங்க.

— இரு, கையுறை மாட்டிக்கறேன். முடிச்சை இவ்வளவு இறுக்கமா போட்டா எப்படி... சிட்டு.

— என்ன அண்ணி? ஏன் பொத்துன்னு உக்காந்துட்டீங்க?

— மூணு மூணா இலை. நடுவுல ஊதாக் கோடு. அடிப்பக்கம் பூனைமுடி. இது எங்க கிடைச்சுது உனக்கு?

— அதை அப்புறம் சொல்றேன். அதுதானான்னு முதல்ல சொல்லுங்க. கல்யாணமாகி வந்த புதுசுலேர்ந்து சொல்லுவீங்களே, கல்லுமேட்டுல படர்ந்து கிடந்த காட்டுக்கொடி, மாடுங்க அதுக்காக உயிரை விடும்னு.

— அதேதான். அந்த மேட்டை உடைச்சு ஜல்லியாக்கிப் பதினஞ்சு வருஷமாச்சு. அதுக்கு முன்னால நாங்க எடுத்து வச்ச விதை மட்டும்தான் மிச்சம். அதையும் காப்பாத்த முடியலை. குளிர்பெட்டி இந்தக் கோடை முழுக்கப் பழுதாகி உள்ள ஈரம் கோத்துக்கிச்சு. போன மாசம் நூறு விதையை ஈரத்தாள்ல வச்சுப் பார்த்தேன். நூறும் அழுகிப் போச்சு. புதுசா வந்திருக்கற அதிகாரி மேடம் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, வேற எங்கயாவது கிடைக்குமான்னு கேட்டாங்க.

— துரு நோய்க்கு இதுதான் தாங்கும்னு அவங்க நம்பிக்கிட்டிருந்தாங்களா?

— அவங்க மட்டுமா? உன் தீவன வயல் எப்படி இருக்கு?

— செங்கல்பொடியைத் தூவின மாதிரி இருக்கு. அறுத்துப் போட்டா மாடு மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. அஞ்சு மாடும் கறக்கிறது பாதியாயிடுச்சு. ஊர்ல ஒருத்தர் வயல்கூடத் தப்பலை. அது எப்படி அண்ணி, சொல்லி வச்ச மாதிரி?

— எல்லாரும் ஒரே தாய்ச்செடியோட துண்டைத்தானே வாங்கி நட்டீங்க. வயல்தான் நூறு, செடி ஒண்ணு. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுன்னா, ஒரு சாவி கிடைச்ச திருடன் தெருவையே காலி பண்ணிடுவான்ல? காட்டுச்செடி அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்துல நின்னாலும் ஆளுக்கொரு குணம். ஆமா, இது ஒண்ணுதான் இருந்துச்சா?

— முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். நல்லா தளதளன்னு நின்ன ஒண்ணைப் பார்த்து எடுத்தேன். நோஞ்சான் நாலைப் பிடுங்கி...

— பிடுங்கிட்டியா?

— கன்னுக்குட்டிக்குப் போடலாம்னு. அப்புறம் உங்க முகம் ஞாபகம் வந்துச்சு. திரும்ப நட்டுத் தண்ணி ஊத்திட்டேன். ரெண்டு பிழைச்சுக்கிச்சு.

— நோஞ்சானும் வேணும் சிட்டு. எனக்கு அத்தனையிலேர்ந்தும் விதை வேணும். துருவைத் தாங்குறது ஒண்ணு, மழையில்லாத வருஷம் தாங்குறது இன்னொண்ணா இருக்கும். நோஞ்சான்னு நாம கழிச்சது எதுக்குப் பிறந்துச்சுன்னு அந்த வருஷம் வந்தாத்தான் தெரியும்.

— அப்படின்னா எங்க வீட்டு ஆளுங்களும் எதுக்கோ பிறந்திருக்காங்க. உங்க வீட்டுக்காரரைச் சொல்றேன்.

— உன் அண்ணனை அப்புறம் பார்த்துக்கலாம். இந்தா, படிவத்தை எடுத்துட்டேன். வரிசையா சொல்லு. சேகரிச்சவர், நீ. தேதி, இன்னைக்கு. சேகரித்த இடம்?

— பாதையோரம்.

— எந்தப் பாதை?

— பால் ஊத்தப் போற பாதை.

— அது தார்ரோடாச்சே.

— தாருக்குப் பக்கத்துல.

— மேடா, பள்ளமா?

— நடுத்தரம்.

— தார்ரோட்டு ஓரத்துல ஒரு சாக்கு சாணி எப்படி வந்துச்சு?

— போற வர்ற மாடுங்க போடாதா? அண்ணி, குடிக்கத் தண்ணி இருக்கா?

— குடி. நிதானமா குடி. குடிச்சுட்டு உண்மையைச் சொல்லு. இடம் தப்பா எழுதினா இந்தச் செடிக்கே மதிப்பு இல்லை. எந்த மண்ணுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத விதை, பேர் தெரியாத பிள்ளை மாதிரி.

— சொல்லிடறேன். நடுவுல ஒண்ணும் கேட்காதீங்க, கேட்டா நிறுத்திடுவேன். போன வருஷம் இந்தக் கட்டடத்துக்குப் பின்னால நீங்க இந்தக் கொடியை ஒரு பாத்தி போட்டு வளர்த்தீங்கல்ல. ஏதோ மாடு புகுந்து மொட்டையா மேஞ்சுட்டுப் போச்சு, கம்பிக் கதவைப் பூட்டலை, கவனக்குறைவுன்னு உங்களுக்கு மெமோ கொடுத்தாங்கல்ல. அந்த மாடு வேற யாரோடதும் இல்லை அண்ணி. எங்க செவலைதான்.

— ம்.

— அன்னிக்குச் சாயங்காலம் வயிறு பானை மாதிரி உப்பி, ஆடி அசைஞ்சு வந்துச்சு. கொம்புல கொடி சுத்தியிருக்கு. கொடியில ஒரு அட்டை தொங்குது. நானூத்திப் பன்னெண்டுன்னு நம்பர் போட்டு, கீழ உங்க கையெழுத்து. கொடியை அவிழ்த்து எரிச்சுட்டேன். அட்டையை எரிக்க மனசு வரலை. இந்தாங்க, தவிட்டு டப்பாவுல ஒளிச்சு வச்சிருந்தேன். மறுநாள் அண்ணன் வந்து, உங்களுக்கு மெமோ வந்ததையும் நீங்க சாப்பிடாம உக்காந்திருக்கறதையும் சொல்லிட்டுப் போச்சு. அப்பவே வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம் சாணி. அது முழுக்க விதையா வந்துச்சு. யாராவது பார்த்தா மாட்டிக்குவோம்னு, எருவுக்குக் கேட்டவங்களுக்குக்கூடக் கொடுக்காம கொட்டகைக்குப் பின்னால தனியா மேடு கட்டினேன். நீங்க வேற, வீட்டுக்கு வர்றப்பல்லாம் சாணியை எங்க கொட்டுறே, எங்க கொட்டுறேன்னு கேட்பீங்க. அதுக்குத்தான் பின்னால பாம்பு இருக்குன்னு சொன்னேன்.

— பாம்பு இல்லையா அப்போ?

— ஒரு ஓணான்கூட இல்லை. இந்த மழைக்கு மேடு முழுக்க முளைச்சிருக்கு. வயல் பூரா துரு, இது மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குது. இனிமேலும் மறைச்சா நான் மனுஷியே இல்லைன்னுதான் தூக்கிட்டு வந்தேன். அந்த மெமோ என்னாலதானே. அதனாலதானே உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்னு போச்சு. நல்லா திட்டிடுங்க அண்ணி.

— திட்ட ஒண்ணுமில்லை. உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அந்தப் பாத்தியே மறுநாள் இருந்திருக்காது.

— ஏன்?

— அப்போ இருந்த அதிகாரி அன்னிக்கு மத்தியானம் வந்து நின்னார். அங்க வண்டி நிறுத்தக் கொட்டகை வரப்போகுதாம், காலையில மண் தள்ளுற மெஷின் வருதாம். காய் இப்பத்தான் முத்துது, ஒரு வாரம் கொடுங்கன்னு கேட்டேன். யாரும் கேட்காத காட்டுக்களைக்கு எதுக்கு வாரம்னார். பட்டியல்லேர்ந்தும் அடிச்சுட்டார். பெட்டியில இருக்கற விதை போதும்னு அவர் நினைப்பு. அதோட விட்டாரா? இது காட்டுச்செடி, வெளிய போனா பரவிடும், ஒரு விதைகூட எடுத்துட்டுப் போக மாட்டேன்னு எழுதிக் கொடுன்னார்.

— எழுதிக் கொடுத்தீங்களா?

— கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

— போட்டா என்ன? கைப்பையில ஒரு பிடி போட்டா யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியும்ல. இருபத்திரண்டு வருஷமா இங்க ஒவ்வொரு விதையையும் எண்ணிக் கையெழுத்துப் போடறவ நான். என் கையால ஒண்ணுகூட எடுக்கலை.

— அடக் கடவுளே. அப்போ செவலை மேயலைன்னா அத்தனையும் மெஷின்ல நசுங்கியிருக்கும்.

— ஆமா.

— மாட்டு வயித்துக்குள்ள போயும் விதை எப்படி அண்ணி உயிரோட வந்துச்சு?

— இதோட ஓடு கல்லு மாதிரி. சும்மா மண்ணுல போட்டா வருஷக்கணக்கா முளைக்காம கிடக்கும். மாடு மென்னும் சிலது தப்பிக்கும், வயித்துல ரெண்டு மூணு நாள் ஊறினா ஓடு இளகும். கல்லுமேட்டுல அது காலங்காலமா அப்படித்தான் பரவிச்சு.

— நான் அன்னிக்கு அதைத் திட்டின திட்டு இருக்கே. ரெண்டு நாள் தவிடுகூடக் கலக்கலை. இன்னைக்குப் போய் கால்ல விழணும்.

— முதல்ல மேட்டைச் சுத்தி வேலி போடு. சாயங்காலம் நானும் புது மேடமும் வர்றோம். ஒவ்வொரு செடிக்கும் தனித்தனி அட்டை கட்டணும். காய் முத்துனதும் உனக்கும் பங்கு உண்டு, ஆனா மேடு உன்னோடதா இருக்கறவரைக்கும் ஒரு செடியைக்கூட நீ கழிக்கக் கூடாது.

— சத்தியமா தொட மாட்டேன். படிவத்துல என்ன எழுதறீங்க?

— சேகரித்த இடம், சாணிமேடு. கொண்டு வந்து சேர்த்தது, செவலை என்கிற பசு.

— அதிகாரிங்க சிரிக்க மாட்டாங்களா?

— சிரிக்கட்டும். உண்மை அதுதானே.

— எதுவா இருந்தாலும் நம்ம நல்ல நேரம் அண்ணி. அன்னிக்குப் பார்த்து அந்தக் கம்பிக் கதவு திறந்து கிடந்துச்சு பாருங்க.

— கிடக்கலை சிட்டு. நான்தான் திறந்து வச்சுட்டு, தெருவுல நின்னுக்கிட்டிருந்த செவலையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.