மூன்றாவது ஆள்

சூசென்: உங்க சிநேகிதர் ஷூகிட்ட எந்தக் கிளைன்னு சொன்னீங்களா இல்லையா, அதை மட்டும்—

தெங்ஃபா: சொன்னேன்னு சொல்றேன்ல. கொழுக்கட்டைக் கடைன்னு சொன்னேன், மூணு மணின்னு சொன்னேன், பசியோட வாடான்னுகூட—

சூசென்: இந்தக் கடைக்கு ஊர் ஊருக்குக் கிளை இருக்கு, தெங்ஃபா. தைபேயில மட்டும் ஆறு.

தெங்ஃபா: ஷூ எப்பவும் ஒரே கடைக்குத்தான் போவான்.

சூசென்: அதைத்தான் கேக்கறேன். எந்த ஒரே கடை?

தெங்ஃபா: ... இதுதான்னு நினைச்சேன்.

சூசென்: நினைச்சாராம். போன் போடுங்க.

தெங்ஃபா: ரெண்டு தடவை போட்டாச்சு. எடுக்கல.

சூசென்: மூணாவது தடவை போடுங்க. நம்ம நம்பர் நானூத்திப் பன்னெண்டு. பலகையில நானூத்தி ஒன்பது ஓடுது.

தெங்ஃபா: இன்னும் மூணு இருக்கே.

சூசென்: இருந்து என்ன? வர்றவங்க அத்தனை பேரும் நின்னாத்தான் உள்ள விடுவாங்க. வாசல்லயே எழுதி வச்சிருக்கு. ஒரு ஆள் குறைஞ்சா நம்பர் போச்சு. புதுசா எடுத்தா இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் எப்பச் சாப்பிட்டு, எப்ப அந்த அலுவலகத்துக்குப் போறது? அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க.

தெங்ஃபா: சாப்பிடாம நேரா போயிடலாம்.

சூசென்: போய்? காகிதத்துல ரெண்டாவது சாட்சி கையெழுத்தை யார் போடுவா, நீங்க இடது கையாலயா? கொழுக்கட்டை வாங்கித் தந்தாத்தான் போடுவேன்னு சொன்னது உங்க அருமைச் சிநேகிதர்.

தெங்ஃபா: அப்ப நாளைக்கு...

சூசென்: நாளைக்குப் பேய் மாசம் பொறக்குது. ஒரு மாசத்துக்கு எந்தக் காரியத்துலயும் கை வைக்கக் கூடாது.

தெங்ஃபா: தெரியும்...

சூசென்: தெரிஞ்சவர் நாளைக்குன்னு சொல்ல மாட்டார். இன்னைக்கு ஆகலைன்னா அது ஆகவே ஆகாது. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்.

தெங்ஃபா: இரு, இரு, எடுத்துட்டான். டேய் ஷூ, எங்கடா இருக்க?... என்னது?... உள்ளேயா? எந்த உள்ளே?

சூசென்: என்னவாம்?

தெங்ஃபா: உக்காந்துட்டானாம்.

சூசென்: எங்க?

தெங்ஃபா: ஷின்ச்சு கிளையில. அவன் வீட்டுக்கு எதுத்தாப்புல.

சூசென்: ஷின்ச்சுவா... ஒத்தை ஆளை எப்படி உள்ள விட்டாங்க?

தெங்ஃபா: நாம ரெண்டு பேரும் கழிப்பறைக்குப் போயிருக்கோம்னு சொல்லியிருக்கான்.

சூசென்: எவ்வளவு நேரமா?

தெங்ஃபா: இருபது நிமிஷமா. மூணு தட்டு சொல்லிட்டானாம். ஆறிப்போகக் கூடாதேன்னு நம்ம பங்கையும் அவனே—

சூசென்: போனை இங்க குடுங்க. ஷூ, உடனே எழுந்திரிங்க. அதிவேக ரயிலைப் பிடிச்சா முப்பத்தஞ்சு நிமிஷம். நாலேகாலுக்கு இங்க... இல்ல, பொட்டலம் கட்டச் சொல்லாதீங்க. அப்படியே விட்டுட்டு... ஷூ? வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுங்க... சரி. சரி, வாங்க.

தெங்ஃபா: வர்றானா?

சூசென்: வர்றாராம். கடைசி மூணை முடிச்சுட்டு.

தெங்ஃபா: பாத்தியா, வர்றான். நல்லவன் அவன்.

சூசென்: அதுவரைக்கும் நாம இங்க வெறும் வயித்தோட நிக்கணும். ஒரு மணி நேரம் காத்துக் கிடந்த நம்பர் கண்ணு முன்னாடி போகப்போகுது.

பெங்: மன்னிக்கணும். காதுல விழுந்துடுச்சு. வேணும்னு கேக்கல... கொஞ்சம் வேணும்னுதான் கேட்டேன்.

தெங்ஃபா: நீங்க...?

பெங்: உங்களுக்குப் பக்கத்து ஸ்டூல்லதான் அரை மணியா உக்காந்திருக்கேன். பேர் பெங். தனி ஆள். என் நம்பர் நானூத்தி நாப்பத்திரெண்டு. உங்களுக்கு ஒரு ஆள் குறையுது. எனக்கு முப்பது நம்பர் குறையுது.

சூசென்: இல்லைங்க, வேணாம். இது எங்க சொந்த விஷயமா—

தெங்ஃபா: நானூத்திப் பன்னெண்டு கூப்பிடறாங்க.

சூசென்: வாங்கண்ணே, சீக்கிரம் வாங்க.

தெங்ஃபா: மூணு பேர்மா, மூணு பேரும் வந்தாச்சு... இவரா? இவரு வந்து...

பெங்: பெரியப்பா.

சூசென்: யாருக்கு?

பெங்: நடந்துகிட்டே கேளு தங்கச்சி.

தெங்ஃபா: ... அப்பாடா. மூலை மேசை.

சூசென்: பென்சிலை எடுங்க. இந்தச் சீட்டுல என்ன வேணும்னு குறிச்சுக் குடுத்துட்டா நேரம் மிச்சம். கீரை ஒண்ணு, பன்னி இறைச்சிக் கொழுக்கட்டை ரெண்டு தட்டு.

பெங்: ரெண்டு போட்டா இருபது. மூணு பேருக்கு ஆளுக்கு ஆறு, மிச்சம் ரெண்டு. அந்த ரெண்டையும் நீ எடு நான் எடுன்னு தள்ளித் தள்ளியே ஆறிப்போகும். மூணு போடுங்க.

தெங்ஃபா: அண்ணன் விவரமானவரு.

பெங்: தொழில் அப்படி. வட்டாரச் சமாதானக் குழுவுல இருபத்திரெண்டு வருஷம். ரெண்டு பேர் சண்டை போட்டா நடுவுல உக்காந்து பேசி அனுப்பறது என் வேலை. வேலி தகராறு, நாய் குரைக்கற தகராறு, புருஷன் பொண்டாட்டி...

சூசென்: நல்ல ஆளாப் பாத்துப் பிடிச்சீங்க, தெங்ஃபா.

தெங்ஃபா: நானா பிடிச்சேன்? நீதான் வாங்கண்ணேன்னு—

சூசென்: அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில மடிச்சு வைக்காதீங்கன்னேன்ல. வேர்வையில ஊறிடும். மேசையில வைங்க... இப்படி விரிக்காதீங்க. கவுத்து வைங்க.

தெங்ஃபா: கவுத்தா எண்ணெய் படும்.

சூசென்: அப்ப அந்தப் பில் சீட்டுக்கு அடியில... சத்தம் போடாதீங்க. என் மருமகளோட பெரியம்மா இந்தக் கடைக்குத்தான் வரும். அது காதுல விழுந்தா ராத்திரிக்குள்ள குடும்பம் முழுக்கத் தெரிஞ்சுடும்.

தெங்ஃபா: ஆங், வந்துடுச்சு. ஆவியைப் பாரு.

சூசென்: இஞ்சியை முதல்ல போடுங்க. வினிகர் மூணு பங்கு, சோயா ஒரு பங்கு.

தெங்ஃபா: எனக்கு சோயா மூணு, வினிகர் ஒண்ணு.

சூசென்: அதுக்கு உப்பை நக்கலாம்... ஐயோ, முழுசா வாயில போடாதீங்—

தெங்ஃபா: ஹா... ஹா... ஹூ...

சூசென்: நுனியைக் கடிச்சு, சாறைக் கரண்டியில விட்டு, ஊதி, அப்புறம்தான். நாப்பத்தோரு வருஷமாச் சொல்றேன்.

பெங்: நாப்பத்தோரு வருஷமாவா?

தெங்ஃபா: ஹா... நாப்பத்தோரு வருஷம்ணே. ஒரு நாள் விடாம என் காது பக்கத்துல இதே குரல். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு.

பெங்: கொடுத்து வச்சவரு. என் வீட்டுல ஞாயித்துக்கிழமைதான் ஜாஸ்தி இருக்கும்.

சூசென்: தண்ணி குடிங்க. சின்னப் புள்ளைகூட ஒரு தடவை சுட்டா மறு தடவை ஊதும்.

பெங்: தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது.

சூசென்: கேளுங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. நேரமில்ல.

பெங்: அந்தச் சீட்டுக்கு அடியில ஒரு காகிதம் எட்டிப் பாக்குது. சாட்சின்னு ரெண்டு கோடு. ஒண்ணுல கையெழுத்து இருக்கு, ஒண்ணு காலி. அஞ்சு மணிக்குள்ள பதிவு அலுவலகம் போகணும்...

தெங்ஃபா: அண்ணே, கீரை எடுத்துக்கங்க.

பெங்: கீரை இருக்கட்டும் தம்பி. அந்த அலுவலகத்துல ரெண்டு சாட்சி கேக்கற காகிதம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு கட்டிக்கப்போற சின்னஞ்சிறுசுகளுக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

தெங்ஃபா: அண்ணே, அது வந்து, நீங்க நினைக்கற—

சூசென்: தெங்ஃபா. பின்னாடி மேசை.

தெங்ஃபா: என்ன?

சூசென்: பச்சைச் சட்டை. பெரியம்மா மாதிரி இருக்கு.

தெங்ஃபா: ... கீரை நல்லாயிருக்கு.

பெங்: வாயை அடைக்கறீங்க பாத்தீங்களா, அவரு பேச வந்தாரு. அங்கதான் எல்லாமே ஆரம்பிக்குது. சொல்லுங்க தங்கச்சி. இவர்கிட்ட என்ன குறை?

சூசென்: குறையா? எத்தனை வேணும்?

தெங்ஃபா: ஆரம்பிச்சாச்சு.

சூசென்: மனசுல இருக்கறதை வாய் விட்டுச் சொல்ல மாட்டாரு. பசிச்சாச் சொல்ல மாட்டாரு, குளிர்ந்தாச் சொல்ல மாட்டாரு. பேருந்துல மணி அடிக்க வெக்கப்பட்டுக்கிட்டு யாராவது அடிக்கட்டும்னு ரெண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வர்றவரு.

தெங்ஃபா: அது ஒரே தடவை.

சூசென்: வாரத்துல ஒரே தடவை.

பெங்: தம்பி, உங்க பக்கம் சொல்லுங்க.

தெங்ஃபா: என் பக்கம் ஒண்ணுமில்லண்ணே. இவ சொல்றது எல்லாம் சரிதான். கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம்.

பெங்: பாருங்க, என்ன மனுஷன். இந்த ஆளை விட்டுட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க?

சூசென்: யாரு போறா?

பெங்: சரி, இவரு போறாரு. யாரு போனா என்ன? நாப்பத்தோரு வருஷம் தங்கச்சி. முப்பத்தேழு ஜோடி என் முன்னாடி இதே மாதிரி உக்காந்திருக்காங்க. ஒருத்தி வாணலியோடயே வந்தா. முப்பத்தேழு பேரையும் ஒரே ஸ்கூட்டர்ல திருப்பி அனுப்பியிருக்கேன்.

தெங்ஃபா: முப்பத்தேழு ஜோடியும் ஒரே ஸ்கூட்டர்லயா?

பெங்: அவங்கவங்க ஸ்கூட்டர்ல, தம்பி.

சூசென்: இவரு கேள்வியைப் பாத்தீங்களா? மணி என்ன?

தெங்ஃபா: நாலு எட்டு. ஷூ இந்நேரம் வந்து இறங்கியிருப்பான். இரு, போன் அடிக்குது... டேய், இறங்கிட்டியா?... என்ன தாய்ச்சுங்?

சூசென்: தாய்ச்சுங்கா?

தெங்ஃபா: தாய்ச்சுங் தாண்டிடுச்சாம்.

சூசென்: அது தெக்கால இருக்கு.

தெங்ஃபா: தெக்கால போற ரயில்ல ஏறிட்டான். மூணு தட்டு சாப்பிட்ட மயக்கத்துல உக்காந்ததும் தூங்கிட்டானாம். இப்பத்தான் முழிச்சானாம். கரும்புத் தோட்டம் தெரியுதாம். அழகா இருக்காம்.

சூசென்: எப்ப வருவாராம்?

தெங்ஃபா: திரும்பி வர ஆறு மணி ஆகுமாம். மன்னிப்பு கேக்கறான்.

சூசென்: வைங்க போனை.

தெங்ஃபா: வச்சுட்டேன்.

பெங்: நான் ஒண்ணு சொல்லட்டுமா? இது நல்ல சகுனம். சாட்சியே எதிர்த்திசையில ஓடறான். நாளைக்குப் பேய் மாசம், யாரும் எதையும் தொட மாட்டாங்க. ஒரு மாசம் பொறுங்க. ரெண்டு பேரும் பேசாம வீட்டுக்குப் போங்க. மாசம் முடியறப்ப மனசு மாறியிருக்கும்.

சூசென்: மாறத்தான் மாறும். அதுதான் பயமே.

பெங்: பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது.

சூசென்: கடைசி ஒண்ணு இருக்கு, எடுத்துக்கங்கண்ணே.

பெங்: நீங்க எடுத்துக்கங்க.

சூசென்: எனக்கு இறங்கல... தெங்ஃபா, பில் சீட்டை எடுங்க, கிளம்புவோம். நான் பஸ்ல போய்க்கறேன். நீங்களும் உங்க வழியில போங்க. போன வருஷமும் இதேதான். அதுக்கு முந்தின வருஷமும் இதேதான். எப்பவும் யாராவது ஒருத்தர் வர மாட்டாங்க, உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி.

தெங்ஃபா: நிம்மதி இல்ல.

சூசென்: பின்ன என்ன?

தெங்ஃபா: ... அண்ணே.

பெங்: சொல்லுங்க தம்பி.

தெங்ஃபா: உங்ககிட்ட அடையாள அட்டை இருக்கா?

பெங்: இருக்கு. எதுக்கு?

தெங்ஃபா: நீங்க போடுங்க.

பெங்: என்ன போடணும்?

தெங்ஃபா: கையெழுத்து. ரெண்டாவது கோட்டுல. பேரு, நம்பர், விலாசம். பேனா இந்தா இருக்கு. அலுவலகம் தெரு முனையில, எட்டு நிமிஷ நடை. இவளுக்கு முட்டிவலி, பன்னெண்டுன்னு வச்சுக்கலாம்.

சூசென்: தெங்ஃபா...

தெங்ஃபா: நான் கேக்கறேன் சூசென். இரு. அண்ணே, நான் யார்கிட்டயும் எதையும் கேக்காதவன். இவ சொன்னது நிஜம். இப்பக் கேக்கறேன். தயவுபண்ணிப் போடுங்க.

பெங்: தம்பி, உங்க கொழுக்கட்டையில பத்து என் வயித்துல கிடக்கு. இல்லைன்னு சொல்லவே கூச்சமா இருக்கு. ஆனா முடியாது.

தெங்ஃபா: ஏண்ணே?

பெங்: இருபத்திரெண்டு வருஷத்துல இந்த மாதிரிக் காகிதத்துல என் பேர் ஏறினதே இல்ல. இன்னைக்குப் போட்டா, அந்த முப்பத்தேழு ஜோடி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? சாறு சுட்டதும் தங்கச்சி தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. முட்டி வலிக்கும்னு இவரு நடையைக் கணக்குப் பண்றாரு. இந்த ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கற பாவத்தை நான் சுமக்க மாட்டேன். வேணும்னா இப்பவே சீட்டுக்கு அடியில இருந்து எடுங்க. உங்க கண்ணு முன்னாடியே கிழிக்கறேன்.

சூசென்: கிழிக்காதீங்கண்ணே, முதல் வரியைப் படிங்க. எங்களைப் பிரிக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒரு தடவை சேர்த்து வைக்கணும்ல. இவரும் நானும் தபாலாபீஸ்ல பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர், அவ்வளவுதான். நடுவுல நான் வேற ஒருத்தரைக் கட்டி, புள்ளை பெத்து, பேரனையும் பாத்து, அவரையும் வழியனுப்பிட்டு வந்து மறுபடி அதே கவுண்டர்ல உக்காந்தேன். அதுக்கப்புறம்தான் இவருக்குக் கேக்க வாய் வந்துச்சு. பச்சைச் சட்டைக்காரி திரும்பிப் பாக்கறா, பாத்துட்டுப் போகட்டும்... எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட உங்களுக்கு எத்தனை வருஷம் வேணும்?