வராத சொட்டு

— இன்னும் கொஞ்சம் தலையைத் தாழ்த்துங்க சார். குப்புறப் படுத்தா மோவாய் அந்தப் பஞ்சு மேல முட்டணும், சரியா?

— இதுக்கு மேல தாழ்த்தினா தலை கழண்டு கீழ விழுந்துரும் டாக்டரம்மா. மூக்குல தண்ணி ஒழுகுதுன்னு வந்தேன். இடுப்புல ஊசி போட்டீங்க. இப்போ தலைகீழாக் கவுத்துப் போட்டிருக்கீங்க. எல்லாம் என் நேரம்.

— இடுப்புல போட்டது சாய மருந்து. முதுகுத்தண்டுத் தண்ணியோட கலந்து தலைக்கு வரும். மூளைக்கு அடியில எலும்புல ஓட்டை இருந்தா, அது வழியா மூக்குக்குள்ள இறங்கும். ஸ்கேன்ல வெள்ளையாத் தெரியும். இடம் தெரிஞ்சாத்தான் நாளைக்குக் காலையில மூக்கு டாக்டர் ஓட்டையை அடைக்க முடியும், சரியா?

— அத்தான், பயப்படாதீங்க. சும்மா சொல்லக்கூடாது, மெஷின் புத்தம் புதுசு. நம்ம செல்போன் கடை பூதக்கண்ணாடி மாதிரி இல்ல.

— நீ ஏன் மாப்ள இன்னும் உள்ளயே நிக்கிற?

— உங்களைத் தனியா விடக்கூடாதுன்னு அக்கா உத்தரவு. ஓடிப்போயிருவீங்களாம்.

— இடுப்புல ஊசிக் குத்து வாங்கினவன் எங்கடா ஓடுவேன்?

— தம்பி, இங்க நிக்கக் கூடாது, கதிர் படும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்கூட வாங்க. சார், நான் பேசறது உங்களுக்கு ஸ்பீக்கர்ல கேக்கும். அசையாம இருங்க, சரியா?

— கேக்குது டாக்டரம்மா. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது.

— இப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நல்லா முக்குங்க.

— எப்படி முக்கறது?

— அத்தான், அக்காவுக்கு பீரோ நகத்திக் குடுப்பீங்களே, அப்படி.

— பீரோவை நகத்தினது நீ. நான் ஓரமா நின்னு வலப்பக்கம், இடப்பக்கம்னு சொன்னேன்.

— பேசாதீங்க சார், படம் கலைஞ்சு போகுது. முக்குங்க. இன்னும். சரி, விடுங்க. மூக்குல ஏதாவது வருதா?

— ஒரு சொட்டு வரல. பாலைவனம். கடையில இருந்தா மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டும் டாக்டரம்மா. போனைத் திறந்து தூசியை ஊதினாப் போதும், நாலு தும்மல், அப்புறம் ஒழுக்கு. போன மாசம் ஒரு வக்கீலோட போனுக்குள்ளயே விழுந்துருச்சு. அவர் இன்னும் விடாம பேசிட்டிருக்காரு.

— தூசியை ஊதினாத்தான் வருமா? சும்மா குனிஞ்சா?

— குனிஞ்சாத்தானே ஊத முடியும்?

— நல்ல பதில். அப்படியே இருங்க. தம்பி, மைக்கை அணைச்சுட்டேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தப் படத்தைப் பாருங்க. இந்த எலும்புல ஒரு கீறல்கூட இல்ல. சாயம் தலையில நிறைஞ்சு நிக்குது, மூக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.

— அப்போ நல்ல சேதிதானே டாக்டர்?

— இல்ல. லேப்ல ஒரு பாட்டில் குடுத்தீங்கல்ல, அதுல இருந்தது சளி இல்ல. மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணில மட்டுமே இருக்கிற ஒரு புரதம் அதுல இருந்துச்சு. சந்தேகத்துக்கே இடமில்ல. கசிவு நிச்சயம், இடம் மட்டும் தெரியல.

— அப்படியே விட்டுட்டா?

— தண்ணி இறங்கற வழியில கிருமி ஏறும். மூளைக்காய்ச்சல் வந்தா உயிருக்கே ஆபத்து. மூக்கு வழியா இடம் தெரியலைன்னா, மண்டையைத் திறந்துதான் தேடணும்.

— மண்டையைத் திறந்தா? டாக்டர், கொஞ்சம் இருங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அந்தப் பாட்டில்ல ஒரு சின்ன விஷயம்.

— என்ன விஷயம்?

— கோடு வரைக்கும் நிரப்பணும்னு லேப்ல சொன்னாங்க. அத்தான் ரெண்டு நாளா மேசையில குனிஞ்சு கிடந்து நாலு சொட்டுதான் தேத்துனாரு. என்கிட்ட குடுத்து, கொண்டு போய்க் குடுடான்னாரு. அரைகுறையா எதையும் கைமாத்தக் கூடாதுங்கிறது எங்க கடைப் பழக்கம். எனக்கும் ஜலதோஷம் இருக்கேன்னு வழியிலயே நான் ரொப்பிட்டேன். மூக்குத் தண்ணில உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?

— அடப்பாவி மாப்ள.

— அத்தான்? உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?

— தம்பி, முழங்கையை எடுங்க. மைக் பொத்தான் மேல ஊனி மறுபடி ஆன் பண்ணிட்டீங்க.

— உன் சளிக்கு என் இடுப்புல ஊசியாடா? நேத்து ராத்திரி கண்ணீர் விட்டு உங்க அக்காகிட்ட பீரோ சாவியெல்லாம் ஒப்படைச்சேனே. கடையைக்கூட உன்னையே பாத்துக்கச் சொன்னேன்.

— மன்னிச்சிருங்க அத்தான். உதவின்னு நினைச்சேன். உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் தாங்குவேனா?

— டாக்டரம்மா, அப்போ எனக்கு வெறும் தூசித் தும்மல்தான். சந்தோஷமா இருக்கு. நாளைக்கு ஆபரேஷனும் இல்ல, அப்படித்தானே?

— ஒரு நிமிஷம் சார். தம்பி, உங்க ஜலதோஷம் எவ்வளவு நாளா?

— ஒரு ரெண்டு வருஷமா டாக்டர். கடைப் பலகை மாட்டும்போது ஏணியில இருந்து விழுந்தேன், அந்த வெயில்ல பிடிச்சது.

— தலையில அடிபட்டுச்சா?

— லேசா. நாலு தையல். அத்தான் அன்னைக்கும் ஓரமா நின்னு திசைதான் சொன்னாரு.

— ஒரு மூக்குலயா, ரெண்டுலயுமா?

— இடது மட்டும். சும்மா சொல்லக்கூடாது, சளி மாதிரி கெட்டியா இல்ல, தெளிவாத் தண்ணி மாதிரி வரும். தொண்டையில இறங்கினா உப்புக் கரிக்கும். அந்தப் பாட்டிலை ரொப்ப ரெண்டு நிமிஷம்கூட ஆகல. இருங்க டாக்டர், உங்க காகிதம் கீழ விழுந்துருச்சு, எடுத்துத் தரேன்.

— குனியாதீங்க தம்பி.

— அடடா, நனைஞ்சு போச்சு. குழாயைத் திறந்த மாதிரி இப்படித்தான் டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க.

— மாப்ள, என்ன நனைஞ்சுச்சு? டாக்டரம்மா, ஆபரேஷன் இல்லதானே?

— இருக்கு சார். பாட்டில்ல இருந்தது மூளைத் தண்ணிதான், யாரோட மூளைன்னுதான் இவ்வளவு நேரம் தப்பாத் தேடிட்டிருந்தோம். நீங்க மெதுவா எழுந்திரிங்க, உங்க மாப்ளையைப் படுக்க வைக்கணும்.